பட்டியலில் முதல் பெயர்

ஜனவரி 9
ஐந்து வேதியியல் வகுப்புகள். போதாதென்று 'தொழில் வழிகாட்டி ஆசிரியர்' என்ற பட்டம் வேறு. கேட்டு வாங்கியதல்ல, கூட்டத்தில் நான் வாயைத் திறக்காததைச் சம்மதம் என்று தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். இன்று எட்டு நிறுவனங்களுக்குப் போன் போட்டேன். "அரசுப் பள்ளிப் பிள்ளைங்களா? சம்பளமும் தரணுமா?" என்று ஒருவர் சிரித்தே விட்டார்.

ஜனவரி 16
ஒரு இடம் கிடைத்துவிட்டது! குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில், விடுமுறையில் ஆறு வாரம், சம்பளத்தோடு. ஒரே ஒருவருக்குத்தான். தேர்வு வைத்து நாங்களே அனுப்ப வேண்டும்.

ஜனவரி 24
தாள் திருத்தியது இயற்பியல் டீச்சர்; நான் தொடக்கூட இல்லை. முதலிடம் என் மகள். இதே பள்ளியில்தான் பதினொன்றாம் வகுப்பு. இரண்டாவது வந்தது அவளுடைய வகுப்புத் தோழி, ஆறு மதிப்பெண் குறைவு.

ஜனவரி 25
மகளின் பெயரை அடித்துவிட்டேன். "உங்க இஷ்டம் சார்" என்றார் தலைமையாசிரியை. ஆசிரியர் அறையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தோழி போகட்டும். வீட்டில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 27
சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பள்ளியில் என்னை 'சார்' என்பாள், வீட்டில் 'அப்பா'. இன்று வீட்டிலும் சார்தான். "நான் வேற யாரோட பொண்ணாவது இருந்திருந்தா கெடச்சிருக்கும்ல, சார்?"

மனைவி தன் பங்குக்கு: "ஊர்ல நல்ல பேர் வாங்க என் பொண்ணுதான் கெடச்சாளா உங்களுக்கு?"

நேர்மையாகத்தானே நடந்தேன்— நேர்மையா அது? பயம். வெறும் பயம். அவ முகத்தப் பாக்க முடியல.

பிப்ரவரி 11
"சார், சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." பதினைந்து நாளாக இப்படித்தான்.

ஏப்ரல் 29
பரிசோதனைக் கூடத்துக்குப் போன பெண் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மாதிரிகளைத் தனியாகவே பார்க்க விடுகிறார்களாம். வாய் ஓயவில்லை. "போறதுக்கு முன்னாடி பிப்பெட் பிடிக்க உங்க பொண்ணுதான் சார் சொல்லிக்கொடுத்தா. ஒரு வாரம் தினமும்."

எனக்குத் தெரியாது. என்னிடம் யார் சொல்வார்கள்?

மே 6
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டும் தொழில் வழிகாட்டிப் பொறுப்பை நீங்களே பாருங்கள் என்று சுற்றறிக்கை.

மே 14
மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வாரப் பயிற்சி, சம்பளம் உண்டு. தானே எழுதிக் கேட்டு, தானே நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறாள். 'வழிகாட்டி ஆசிரியரின் பரிந்துரை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"எங்க போடணும்?" என்றேன்.

"பெத்தவங்க கையெழுத்துன்னு இருக்குல்ல, அங்க மட்டும்."

சார் என்று சொல்லவில்லை. அப்பா என்றும் சொல்லவில்லை. மை காயும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.