நல்ல தண்ணீர்க் கிணறும் நாலு பாத்தியும்

மாசி 3, ஞாயிறு

பனி விட்டது. காலையிலேயே வெயில் சுள்ளென்று. கொல்லையை அளந்தேன். கிணற்றடியிலிருந்து பின்சந்து வரை இருபத்திரண்டு அடி. நாலு பாத்தி போடலாம்.

வேண்டியவை: வெண்டை, கொத்தவரை, பாகல், தண்டுக்கீரை விதை. ஒரு வண்டி ஏரி வண்டல். மண்வெட்டிக்குப் புதுக் காம்பு.

தனம் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். இருபது வருஷக் குடித்தனம். லீவு நாளில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குத்தான் தோட்டம். வேறு காரணம் எழுதினால் பொய்.

குப்பத்துப் பெண்கள் வழக்கம்போல் சந்து வழியாகத் தண்ணீருக்கு வந்தார்கள். இந்தப் பக்கம் உப்புக் கரிக்காத கிணறு நம்முடையது ஒன்றுதான். தனம் வரவிட்டுப் பழக்கினாள். எட்டுப் பேர், எண்பது பேர் சத்தம். அவர்களில் பெரிய வாய் அஞ்சலைக்கு. "இன்னா நைனா, பொதையலா தேட்றே?" அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மாசி 7, வியாழன்

உள்ளங்கையில் கொப்புளம். தோண்டத் தோண்டக் கிளிஞ்சல். கடலே ஒரு காலத்தில் இங்கேதான் இருந்ததோ என்னவோ. வண்டலும் அடுப்புச் சாம்பலும் கலந்தேன். மூன்று பாத்தி ஆயிற்று. சாயங்காலம் வெண்டை ஊன்றினேன். தனமாக இருந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசை கோணல் என்றிருப்பாள். கோணல்தான்.

மாசி 8, வெள்ளி

வெண்டைப் பாத்தியில் கால் தடம்! ஏழு எண்ணினேன். கத்திவிட்டேன். அஞ்சலை குடத்தை இறக்காமலே, "நேத்து வெறும் மண்ணாத்தான் கெடந்தது. வெத போட்டுகீறேன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்றாள். "இனிமேல் இந்தப் பக்கம் ஒருத்தரும் வரக்கூடாது" என்றேன். ஆபீசுக்கு ரயிலில் போகும்போதும் கோபம் ஆறவில்லை.

மாசி 10, ஞாயிறு

வேலி. பனைமட்டை நட்டு, இடையில் உடைமுள் செருகி, சந்து வாயை அடைத்தாயிற்று. நல்ல வேலை. பெண்கள் குடத்தோடு வந்து அந்தப் பக்கம் நின்றார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. கேட்கவில்லை. "வாங்கடி, போலாம்" என்றாள் அஞ்சலை. அவ்வளவுதான்.

வெண்டை மறுபடி ஊன்றினேன். இந்தத் தடவை வரிசை நேர்.

மாசி 14, வியாழன்

இரண்டாவது நாளாக ரயில் தவறியது. இத்தனை வருஷமும் அந்தப் பெண்களின் கூச்சலில்தான் விழித்திருக்கிறேன் போலிருக்கிறது. மில் சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை.

நேற்று முழுக்க வீட்டில் நான் பேசியது: 'சூ'. காக்கையிடம்.

கீரை முளைத்துவிட்டது. சிவப்பாக, நூல் நூலாக. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார்.

மாசி 17, ஞாயிறு

வேலியைப் பிடுங்கிப் போட்டேன். கையெல்லாம் முள் கீறல். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டேன். அப்புறமும் வரவில்லை.

நாலு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு குப்பத்துக்கே போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. அஞ்சலை கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது."

"தெரு முக்குல கொயா போட்டுட்டாங்களே நைனா. பொதன்கெயமையிலேர்ந்து தண்ணி வருது. நீ செடிக்கே ஊத்திக்கோ."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி 18, திங்கள்

வெண்டை எல்லாம் ஒரே நாளில் மண்ணை முட்டிக்கொண்டு. முப்பத்தொன்று. "தனம்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

மாசி 19, செவ்வாய்

காலை ஆறு மணி. பித்தளைக் குடத்தைத் துலக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வரிசையில் பதினோராவது ஆள். ஆண் பிள்ளை நான் ஒருவன்தான். சிரித்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மறுபடி சிரித்தார்கள்.

அஞ்சலை திரும்பினாள். "இன்னா நைனா, உன் கெணறு இன்னா ஆச்சி?"

"வற்றிப்போச்சு."

"ரெண்டு நாள்லயா?"

"ஆமாம்" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு தன் குடத்தைக் காலால் நகர்த்தி, முன்னால் எனக்கு இடம் விட்டாள்.