ஒரு போத்தல் தம்பிலி

உன் அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்தது என்று உன் மனைவி நேற்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். நாலாக மடித்த தாள். பூச்சி உருண்டை மணத்தது. பிரித்ததுமே தெரிந்துவிட்டது. நீ டெங்குவோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ் மிஸ் என்னிடம் எழுதச் சொல்லித் தந்த தாள். கட்டம் கட்டமாகக் கோடு. ஒரு கட்டத்திலும் எழுத்தில்லை. அன்று எனக்கு எழுதத் தெரியாதே.

இன்று தெரியும். நம்பு. நீ கண்ணை மூடிய பிறகு பன்வில கோயில் மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு தொடங்கினார்கள். எழுபத்திரண்டு வயதில் போய் உட்கார்ந்தேன். இந்த மடல் முழுக்க என் கைதான். 'ழ' எழுதும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

அலவத்துகொட பக்கத்தைச் சேர்ந்த அந்த மிஸ் அன்று அளவுக்கோடு போட்ட இரண்டு கோப்பைகளையும் இந்தத் தாளையும் தந்து சொன்னார்: "ஐயா, இவர் குடிக்கிறதையும் போற யூரினையும் அளந்து இதில எழுதுங்க. எங்களைக் கேக்காம ஒண்டும் குடுக்க வாணாம். இந்தக் காய்ச்சல்ல ரத்தத்துல இருக்கிற தண்ணி வெளிய கசியும். கொறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சில போய்த் தேங்கிரும்."

நான் பலமாகத் தலையாட்டினேன். அவர் போனதும் காய்ச்சலிலும் நீ சிரித்தாய். எனக்கு வரும் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவன் நீ.

"அடேய், நீயா எழுதப் போற? அப்ப நான் செத்தேன்டா."

"பேசாமப் படு."

எனக்கு வேறு வழி இருந்தது. ஒரு கோப்பை குடித்தால் சட்டைப் பையில் ஒரு முழுத் தீக்குச்சி. சிறுநீருக்குக் கோப்பைக் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு உடைத்த குச்சி. மிஸ் கேட்கும்போது பைக்குள்ளேயே விரலால் எண்ணிச் சொல்வேன்.

மத்தியானம் உன் உதடு வெடித்திருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தும் தாகம் என்றாய். உன் மனைவி போத்தலில் ஊற்றி வைத்துப்போன தம்பிலி இளநீர் கட்டிலுக்கடியில் இருந்தது.

"தோட்டத்துல மாட்டுக்குக்கூடத் தண்ணி காட்டுறானுங்க. எனக்குக் குடுக்க மாட்டியா?"

மனம் கேட்கவில்லை. டெங்குவுக்குத் தம்பிலி நல்லது என்று ஊரே சொல்கிறதே என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன், முழுப் போத்தலையும் குடித்தாய். குச்சி போட்டால் மிஸ் கேட்பார் என்று பயந்து, போடவில்லை.

சாயங்காலம் உனக்கு மூச்சு வாங்கியது. மிஸ் ஓடி வந்து தாளை எடுத்தார்.

"என்ன ஐயா, ஒண்டும் எழுதல்லயே?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்க மிஸ்."

வாழ்நாள் முழுதும் மறைத்ததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். குச்சிகளைக் கட்டிலில் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை, எண்ணினார்.

"இவ்வளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நீ பேச முடியாமல் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஒரு போத்தல் தம்பிலி குடுத்தேன். அவன் கேக்கல. நானாத்தான் குடுத்தேன்."

மிஸ் ஏசவில்லை. டாக்டரிடம் ஓடினார். சேலைனைக் குறைத்தார்கள். மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். தண்ணீர் பிரிய ஊசி போட்டார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சிறுநீர் வரத் தொடங்கியதும் மிஸ்ஸே அளந்து, குச்சிகளை உடைத்து என் கையில் வைத்தார். மெல்ல உன் மூச்சு சீரானது.

"நேரத்துக்குச் சொன்னீங்க ஐயா," என்றார்.

அதன் பிறகு ஆறு வருடம் இருந்தாய். ஊரெல்லாம் கேட்க என்னைத் 'தீக்குச்சி டாக்டர்' என்று கூப்பிட்டாய். அந்தப் போத்தலைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று காலை தாளைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் உன் கோணல் எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். நான் யாரையும் கூப்பிடவில்லை. விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, நானே வாசித்தேன்.

'ஒரு போத்தல் தம்பிலி. கேட்டது நான்தான். அவன்மேல் பிழை இல்லை.'

படுபாவி, இதை வாயால் சொல்லியிருக்கலாமே! தேநீர் ஆறும்வரை அழுதேன், சிரித்தேன். பிறகு பென்சிலைச் சீவி, உன் வரிக்குக் கீழே எழுதினேன்: 'கொடுத்தது நான்.'

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அன்று குச்சி வைத்த அதே பக்கம்.