மக்காவுக்கு இரண்டு பேர்

7 டிச., ஞாயிறு

காலையிலிருந்து மழை. துவைத்துப் போட்ட சட்டை ஒன்றும் காயவில்லை. நாளை ஆபீசுக்கு இஸ்திரிப் பெட்டி சூட்டில் காய்ந்த சட்டைதான். நாற்றம் அடிக்கும். அடிக்கட்டும், யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்.

மத்தியானம்: ரொட்டி, நேற்றைய சார்டின் மீதி.

லெட்சுமி அவள் அம்மா வீட்டில். மே மாதம் மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தபோது பார்த்துக்கொள்ளப் போனாள். புரட்டாசியில் கிழவி போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்தது. லெ. திரும்பி வரவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. அதுதான் தொல்லை. சண்டை என்றால் போய்ச் சமாதானம் பேசலாம். இதற்கு என்ன பேசுவது?

வீடு தூரமும் இல்லை. இதே காஜா பெராங் வட்டாரம்தான். ஒரு சிகரெட் பற்றவைத்தால் முடிவதற்குள் அவர்கள் குடியிருக்கும் செட்டிக் கம்பம் வந்துவிடும். அவர்கள் மலாக்காச் செட்டிகள். சாமி நம் சாமி, பேர் நம் பேர், பேச்சு மட்டும் மலாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லெ. கற்றுக்கொண்ட தமிழ் சாப்பாட்டுப் பேரும் நாலு திட்டும். நாங்கள் வீட்டில் பேசுவதும் மலாய்தான். பிள்ளையும் இல்லை, தமிழில் கூப்பிட. அதனால் இந்த நோட்டை மேசையிலேயே திறந்து போட்டு வைப்பேன், யாராலும் படிக்க முடியாது என்று. இப்போது படிக்காமல் இருக்கவும் ஆள் இல்லை.

யோசனை ஒன்று. மக்காவ். மெக்கா இல்லை, ஹாங்காங் பக்கத்துச் சூதாட்ட ஊர்.

ஆபீசில் கேஷியர் லிம் பெண்சாதியோடு மக்காவ் போய் வந்ததிலிருந்து அதே பேச்சு. கடலோரமெல்லாம் விளக்காம். மாடி மாடியாக ஓட்டல், ஒவ்வொரு மாடியிலும் சூதாட்ட மேசை. மேல் மாடியில் இருப்பவர்கள் இறங்கி வரத் தேவையில்லை, பந்தயத்தைக் கூடையில் போட்டுக் கயிற்றில் கீழே விடுவார்களாம். பொத்தான்களைக் குவித்து வைத்து, நாலு நாலாகப் பிரித்து, மிச்சம் எத்தனை என்று ஒரு ஆட்டம். விடிய விடிய பேண்டு வாத்தியம். பொம்பிளைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடுகிறார்களாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

லெ. சீட்டு ஆடும்போதுதான் வாய்விட்டுச் சிரிப்பாள். கம்பத்துப் பெண்கள் பாய் விரித்து ஆடுவார்களே, அந்த ஒல்லிச் சீட்டு, செக்கி. அவள் முன்னால் உட்கார்ந்தவர்கள் பாவம். மாமியார் படுத்ததிலிருந்து அந்தப் பாய் விரிக்கவே இல்லை.

கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும். மாமியார் வீடு கிடையாது, ஆபீஸ் கிடையாது. திரும்பி வரும்போது துறைமுகத்திலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதுதான் திட்டம். எழுதிப் பார்த்தால் திருட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

10 டிச., புதன்

கப்பல் கம்பெனியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருப்பதில் இது ஒன்றுதான் லாபம். சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் போகும் கப்பலில் இரண்டு பேருக்கு ஒரு அறை சொல்லி வைத்தாயிற்று. ஜனவரி பத்தாம் தேதி. அங்கிருந்து மக்காவுக்குப் படகு.

தேதியை யோசித்துத்தான் பிடித்தேன். சாவு விழுந்த வருஷம். போகி, பொங்கல் ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் பொங்கல் வைக்கும்போது சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கப்பலில் இருக்கலாம். லீவும் கிடைத்தது. மெர்டேகா, அதாவது சுதந்திரம் வந்த பிறகு பழைய துரை ஊருக்குப் போய்விட்டார். புதுத் துரைக்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது இன்னும் பிடிபடவில்லை.

செய்ய வேண்டியது:
போட்டோ. பாஸ்போர்ட் (அங்கே நம் சாமிக்கண்ணு இருக்கிறான், சீக்கிரம் முடிப்பான்). அவளுக்குக் கம்பளிச் சட்டை, அங்கே ஜனவரியில் குளிராம். எனக்கு டை. லிம்மிடம் ஓட்டல் பேர் கேட்க. தலைக்குச் சாயம்?

சாயம் வேண்டாம். தெரிந்தால் சிரிப்பாள். சிரித்தால் நல்லதுதானே?

சாயங்காலம் போய்ச் சொன்னேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான். அந்த வீட்டில் எனக்கு அந்த பெஞ்சுதான், உள்ளே ஒரு ராத்திரியும் படுத்ததில்லை. லெ. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கூடை, கயிறு, பொத்தான் எல்லாம் சொன்னேன். லிம்மைவிட நன்றாகவே சொன்னேன். கடல் கொந்தளிக்குமா என்று ஒரே கேள்வி. கொந்தளிக்காது என்றேன், நான்தான் கடலுக்குக் கிராணி என்கிற மாதிரி. சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

13 டிச., சனி

அரை நாள் ஆபீஸ். வெயில்.

லெ. போட்டோவுக்கு வந்தாள்! பச்சைக் கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி. டவுன் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தே போனோம். வழியில் துணிக்கடைக்காரர் எனக்கு வணக்கம் சொன்னார், அவளையும் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், வெட்கமாக இல்லை. இத்தனை நாள் நான் தனியாகப் போய்வருவதைப் பார்த்தவர்கள்தானே, பார்க்கட்டும்.

ஸ்டூடியோக்காரன் முதலில் ஆளுக்கொன்று எடுத்தான். பிறகு ஜோடியாக ஒன்று எடுக்கட்டுமா என்றான். பாஸ்போர்ட்டுக்கு அது தேவையில்லை, ஆனாலும் எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் நெருங்குங்கள் என்றான். நெருங்கினாள். தோளில் சாம்பிராணி வாசம்.

காப்பிக்கடையில் ஐஸ் கச்சான், சீவிய ஐஸில் பாகு ஊற்றி. அவளுக்கு ஆசை பிறந்த மாதிரிதான் இருந்தது. மக்காவில் பெண்கள் என்ன உடுத்துவார்கள் என்று கேட்டாள். தெரியாது, நீ உடுத்துவதைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தப் பேச்சு.

சந்து முனையில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ‘வீட்டுக்கு வாயேன்’ என்று தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. மக்காவுக்குப் பிறகு தானாக வருவாள்.

21 டிச., ஞாயிறு

குருபோங், அண்ணன் வீடு. அண்ணியின் மீன் குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், எப்போது கடைசியாகக் குழம்பு சாப்பிட்டேன் என்று யோசித்தபடி.

மக்காவ் என்றதும் அண்ணன் முகம் போன போக்கு. சூதாடப் போறியா, அதுவும் பெண்டாட்டியோடவா என்று ஆரம்பித்தார். பிறகு லெ. இன்னும் அங்கேதான் என்று தெரிந்ததும் வேறு பாட்டு. அவள் பெரியம்மாக்காரி ஒருத்தி அங்கே இருக்கிறாள், கண் மங்கிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நான் இழுத்தேன். அப்படியானால் நீதான் ஒரு நாள் அங்கே போய்ச் சேரப்போகிறாய் என்றார்.

“மாமியார் இருக்கும்போதே வீட்டோட மாப்பிள்ளையாப் போறவனைப் பார்த்திருக்கேன். மாமியார் செத்த பிறகு போறவன் நீ ஒருத்தனாத்தான் இருப்ப.”

அண்ணி சிரிப்பை அடக்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வரும்போது வரவில்லை. ஒருநாளும் போகமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியும் விட்டேன். சம்பாதிக்கிறவன், வாடகை கட்டுகிறவன், கதவில் என் பேர் இருக்கிறது.

28 டிச., ஞாயிறு

தூறல். தலைவலி.

ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது அந்தப் பெண் வணக்கம் சொல்கிறாள். நானும் பதிலுக்கு வணக்கம் சொல்கிறேன். இன்று ‘நேயர்கள் நலமா?’ என்றாள். பரவாயில்லம்மா, தலைவலிதான் என்றேன். சத்தமாகவே. அப்புறம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

பாஸ்போர்ட் இரண்டும் வந்தாயிற்று. அவள் போட்டோ என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஜோடிப் போட்டோவில் இரண்டு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நிற்கிறோம்.

தனியாக இருக்கிறேன். இப்படி எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

3 ஜன., சனி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். வீடே கலைந்து கிடந்தது. பாத்திரமெல்லாம் வெளியே, புளி போட்டுத் தேய்க்கிறார்கள். மக் துவா, அதாவது அந்தப் பெரியம்மா, வாசலில் உட்கார்ந்து தடவித் தடவி வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்ன விசேஷம் என்றேன். போகிக்கு என்றாள். நான் சிரித்துக்கொண்டே, இந்த வருஷம் நமக்கு ஏது போகி, சாவு விழுந்த வீடாயிற்றே என்றேன்.

மக் துவாவின் கை நின்றுவிட்டது.

லெ. வந்து பொறுமையாகச் சொன்னாள். மற்ற வருஷம் போகியை விட்டாலும் விடலாம், இந்த வருஷம் விடக்கூடாது. செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் நாள் அது. பார்ச்சு என்பார்கள். போனவர்கள் எல்லாரும் வந்து சாப்பிடுவார்கள். அம்மா முதல் தடவையாக அவர்களோடு வருகிறாள். புதிதாக வருபவள், கூச்சப்படுவாள். மகள் இல்லாமல் வாசலில் நின்று திரும்பிப் போவாளா?

நம்மில் சாவு விழுந்தால் பண்டிகை கிடையாது. அவர்களுக்கு அதனாலேயே உண்டு. இத்தனை வருஷம் போகிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். யாருக்கு முதல் இலை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தத் தேதியைப் பிடித்திருக்க மாட்டேன். மடையன்.

மடையன் அதோடு நிறுத்தினானா? சரி, கப்பலை மாசிக்கு மாற்றுகிறேன் என்றேன். அவள் கேட்டாள், போய்விட்டு வந்த பிறகு? நம் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். மக் துவாவை யார் பார்ப்பது என்றாள். ஆள் போடலாம் என்றேன். இலை யார் போடுவது என்றாள். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து போடு என்றேன். விளக்கு அணைந்து கிடக்கும் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் நான் யார், எனக்கு வீடு இல்லையா, இத்தனை தூரம் உனக்காகக் கப்பல் பிடித்தேனே என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் கத்தவில்லை. மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், அவள் என்னைக் கூப்பிடும் ‘அபாங்’ தவிர:

“அபாங், என்னோட மக்காவ் வரைக்கும் வருவீங்க. இந்த வாசப்படி தாண்டி வரமாட்டீங்க.”

டிக்கெட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

4 ஜன., ஞாயிறு

மழை. எழுத ஒன்றுமில்லை.

யோசித்துப் பார்த்தால் அவளுக்கு மக்காவ் பிடிக்கும் என்று நான்தான் முடிவு கட்டினேன். அவளைக் கேட்கவில்லை. கூடை, கயிறு எல்லாம் எனக்குத்தான் பிடித்தது.

வீட்டோட மாப்பிள்ளை. வாயால் சொல்லிப் பார்த்தேன். நாராசமாகத்தான் இருக்கிறது.

6 ஜன., செவ்வாய்

மாமியார் வீட்டுக்குப் பக்கத்து ஆள் மூலம் டிக்கெட் ஆபீசுக்கு வந்தது. மடிப்புக் கலையாமல், ஒரு வாழை நாரில் கட்டி. கூட ஒரு சொல்லும் இல்லை.

அறையைத் திருப்பிக் கொடுத்தேன், லீவையும். ஈப்போவிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று காத்திருந்தது, அவர்களுக்குப் போயிற்று. பெண் குதிக்காத குறை. லிம் வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் என்றேன். என் பெண்சாதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் எழுதியிருக்கிறார், பொங்கலுக்கு வா என்று. பதில் போடவில்லை.

12 ஜன., திங்கள்

ஆபீஸ் வாசலில் லெ.! உள்ளே வரவில்லை. அம்மாவுக்கு உஜோங் பாசிர் சிஞ்சாலோக் வேண்டும் என்றாள். பொடி இறாலை உப்பில் புளிக்க வைப்பார்களே, அது. மாமியாருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. மீன்பிடிக்கும் வீடுகளில் எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும், நான்தான் வழக்கமாக வாங்கிப்போய்க் கொடுப்பேன். கிழவி என்னிடம் வாய் திறந்து பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் உஜோங் பாசிர். எதிர்க்காற்று. முதல் வீட்டில் புளிப்புப் போதவில்லை. அடுத்த வீட்டில் கிடைத்தது. பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

14 ஜன., புதன்

ஆபீஸ் காகிதத்தில் எழுதுகிறேன். நோட்டு வீட்டில்.

நேற்று போகி. ஒரு நாள் லீவு போட்டுக் காலையிலேயே போய்விட்டேன். இலை வெட்டக் கூடக் கை கொடுத்தேன். நடுக்கூடத்தில் வரிசையாக வாழை இலை. சோறு, ஆட்டிறைச்சி, சம்பல் இறால், முட்டை, பலகாரம், வெற்றிலை. மாமியார் இலையில் சிஞ்சாலோக் எங்கே வைப்பது என்று மக் துவா என்னைக் கேட்டாள். வலது ஓரம், கைக்கு எட்டுகிற மாதிரி, என்றேன். அப்படியே வைத்தார்கள்.

சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, எல்லாரும் முற்றத்துக்கு வந்து கதவைச் சாத்தியாயிற்று. அவர்கள் சாப்பிடும்போது நாம் பார்க்கக்கூடாது. வெயிலில் நின்றோம். ஈப்போ ஜோடி இந்நேரம் நடுக்கடலில் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் லெ., கதவையே பார்த்தபடி. அழவில்லை. உள்ளே கிழவி கூச்சப்படாமல் சாப்பிடுகிறாளா என்று எனக்கே கவலையாக இருந்தது. லெ.விடம் சொன்னேன், சிஞ்சாலோக் இருக்கிறது, சாப்பிடுவாள். அப்போதுதான் அழுதாள்.

மக் துவா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். எல்லாம் கழுவிக் கவிழ்க்க இருட்டிவிட்டது. வழக்கம்போல் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றேன். லெ. குழாயடியில் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“செருப்பு வெளியே கிடக்கு. மழை வரும். உள்ளே கொண்டாந்து வைங்க.”

வானத்தைப் பார்த்தேன். நட்சத்திரம். அண்ணன் ஞாபகம் வந்தது, போயிற்று. செருப்பை எடுத்து உள்ளே போனேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மக் துவா செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.