கொக்குக்கு எதிரே நின்றவள்

மார்ச் 3, செவ்வாய்

ரிவர்ஸ் எடுங்கள் என்றால், என்னிடம் கார் ஓட்டப் பழக வருகிற ஒருவர் நேராகப் போய்க் குப்பைத் தொட்டியில் முட்டி நிற்கிறார். வங்கி மேனேஜராம். பெரிய பதவி, ஆனால் க்ளட்ச் எது, பிரேக் எது என்று இன்னும் பிடிபடவில்லை. தொண்டை வறளத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் மருந்துக்கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். முகமே சரியில்லை.

"கொக்கு போயிட்டாளாம்."

எந்தக் கொக்கு என்று கேட்கவில்லை. இந்த ஊரில் கொக்கு ஒருத்திதான். ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாளாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் அழவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, புதன்

ஊர் முழுக்க அவள் படம். ஃப்ரீ த்ரோ போடும் முன் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்பாளே, அந்தப் படம். அதனால்தான் கொக்கு. இப்படி ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரி இந்த ஊருக்கு இனிமேல் வாய்க்கப்போவதில்லை. இதை நான் சொல்கிறேன். அவளை எதிர்த்து ஆடியவள் சொல்கிறேன்.

நான் பக்கத்து ஊர் அணி. என் பட்டப்பெயர் பசை. யாரைத் தடுக்கச் சொன்னாலும் ஒட்டிக்கொள்வேன், விடமாட்டேன். ஏழு வருஷம் கொக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வாழ்க்கைப்பட்டதும் அவள் ஊருக்கே! கட்டிக்கொண்டவர் அவளுடைய பரம ரசிகர். தலையெழுத்து என்று வேறு எதைச் சொல்வது?

எங்கள் இரண்டு அணியும் மோதிய ஃபைனலின் போட்டோ இன்னும் சலூனில் மாட்டியிருக்கிறது. கடைசி நொடி. பந்து வளையத்துக்குள், கொக்கு இரண்டு கையையும் தூக்கியபடி, நான் தரையில் மல்லாந்து. இந்த ஊர் ஆண்கள் எல்லாரும் நான் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் முடி வெட்டிக்கொள்கிறார்கள்.

இன்று எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு துக்கம் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எதிராளிக்கு ஏது துக்கம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் இருக்கிறது. ரொம்பவே இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கூடைப்பந்து கோர்ட்டில் நினைவுக் கூட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள்.

பஸ் கண்டக்டர் சொன்னது நன்றாக இருந்தது. உயரத்துக்குத் தலை கூரையில் இடிக்குமாம். "என்னம்மா, இடிக்குதான்னு கேட்டேன். 'நான் சரியாத்தான் இருக்கேன், உங்க பஸ்தான் குட்டை'ன்னா." எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பிறகு ரசிகர் மன்றத் தலைவர், அந்த சலூன்காரர், ஃபைனல் கதையை எடுத்தார். "கொக்கு பின்னாடி ஒரு எட்டு வச்சா பாருங்க, எதிராளி அப்படியே வழுக்கி விழுந்துட்டா—" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "தரையும் கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு உதவுகிறாராம்!

ஈரமாவது ஒன்றாவது! நான் வழுக்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் எகிறினேன். கையை முழுசாக நீட்டினேன். என் விரல் நுனிக்கு மேலே ஒரு விரல்கடை இடைவெளியில் பந்து போனது. இறங்கும்போதுதான் அவள் கால் தடுக்கி விழுந்தேன். போட்டோக்காரன் அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்தினான்.

எழுந்து சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் சண்டை போடுவது மாதிரி இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கோர்ட் சுவர் முழுக்க அந்த ஃபைனல் காட்சியை வரையப்போகிறார்களாம். நல்ல விஷயம். என் பங்குக்கு நானும் பணம் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புதிதாக ஒரு பெண் வண்டி ஓட்டப் பழக வந்தாள். வெளியூர்க்காரி, நகமெல்லாம் பெயிண்ட். என்ன வேலை என்று கேட்டேன். சுவரில் படம் வரைவேன் என்றாள். "இங்க கோர்ட்ல கொக்கு படம் நான்தான் மேடம் பண்றேன். கீழே ஒரு பொம்பளை விழுந்து கிடப்பாங்கல்ல, அவங்களை மட்டும் எடுத்துடச் சொல்லிட்டாங்க. அந்தம்மா இதே ஊர்லதான் இருக்காங்களாம். பாவம்."

பாவம்!

என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கி, பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டுப் போனான்.

"யாரு சொன்னது எடுக்கச் சொல்லி?"

"அவங்க வீட்டுக்காரரே வந்து சொன்னாராம் மேடம்."

மாலை இவர் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டேன்.

"உன்கிட்ட பழக வர்ற ஜனம் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தானே போகணும்? உன்னைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கக் கூடாதுன்னுதான்..."

"நான் கேட்டேனா? உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

"கேட்கலை."

"சிரிக்கட்டுமே! சிரிச்சா என்ன குறைஞ்சு போகும்? ஏழு வருஷம் அவ எதிர்ல நின்னேன். வேற எவ நின்னா? மத்தவளுங்க எல்லாம் அவளைப் பார்த்ததும் வழி விட்டுட்டு ஓடினாளுங்க. என்னை அழிச்சுட்டா அப்புறம் அவ யாரைத் தாண்டிப் பந்து போட்டா? காத்தையா?"

இவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலிக்கிறது. இத்தனை வருஷமாக இந்த ஊர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டதெல்லாம் இந்தப் பாவம்தானா?

மார்ச் 20, வெள்ளி

பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட ஜாடைதான்.

மார்ச் 22, ஞாயிறு

போய்விட்டேன். நேராக சலூனுக்கே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெண்பிள்ளை உள்ளே வந்ததும் எல்லாரும் நெளிந்தார்கள். மூலையில் கொக்கின் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் தங்கையின் பழைய ஜெர்சி. நிறம் சரியாக வர வேண்டும் என்று ஓவியருக்குக் காட்டக் கொண்டு வந்தாளாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "படத்துல என்னைப் போடணும். விழுந்த மாதிரி இல்லை. கொக்கோட சேர்ந்து எகிறின மாதிரி, கை மேலே இருக்கிற மாதிரி. அதுதான் நடந்தது."

சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். "அது கொக்கோட படம்ங்க. உங்க கை அவ்வளவு மேலே இருந்தா, பார்க்கிறவன் நீங்க பந்தைத் தட்டிட்டீங்கன்னு நினைச்சுக்க மாட்டானா? அவ பெருமை என்னாகும்?"

"கீழே கிடக்கிறவளைத் தாண்டிப் போட கொக்கு எதுக்கு? நீங்களே போடலாமே!"

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். சலூன்காரர் போட்டோவைக் காட்டினார். "சாட்சி இதோ தொங்குது. உங்க பேச்சுக்கு என்ன சாட்சி?"

என்ன சாட்சி இருக்கிறது? அவளும் நானும் மட்டும் அறிந்தது அது. அவளும் போய்விட்டாள்.

அப்போது அக்கா பேசினாள். "நான் இருக்கேன் சாட்சி."

எல்லாரும் திரும்பினோம்.

"ஃபைனலுக்கு முன்னாடி ஒரு மாசம் என்னைப் படாத பாடு படுத்தினாளே அந்தக் கழுதை! சாயங்காலம் ஆனா போதும், என்னை முக்காலி மேல ஏத்தி, கையில துடைப்பத்தைக் கொடுத்து மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்வா. 'இன்னும் மேலக்கா, பசையோட கை இன்னும் மேல வரும்'பா. அது மேல படாம பந்து போற வரைக்கும் எனக்கும் விடுதலை கிடையாது, அவளுக்கும் சாப்பாடு கிடையாது. தோள்பட்டையே கழண்டு போச்சு." ஜெர்சியை மடித்து வைத்துவிட்டு சலூன்காரரைப் பார்த்தாள். "விழுந்து கிடக்கப்போறவளுக்கு எதுக்குய்யா துடைப்பம்?"

சலூன்காரர் திரும்பி அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

எனக்காகவா? அந்த ஷாட்டையே எனக்காகவா பழகினாள்? யாரைக் கண்டு உலகமே வழி விட்டு ஒதுங்கியதோ, அவள் என் ஒரு கைக்காக ஒரு மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். அந்த சலூனில், அத்தனை ஆம்பிளைகள் நடுவில், ஓவென்று அழுதேன். அக்கா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவையாக என்னிடமும் ஒருவர் துக்கம் கேட்டார்.

மார்ச் 23, திங்கள்

இவரே போய் ஓவியரிடம் சொல்லிவிட்டு வந்தார். வந்து, "கை எவ்வளவு உயரம்னு அளவு கேக்குறாங்க" என்றார். சமாதானமாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

படம் முடிந்துவிட்டது. கொக்கு அவ்வளவு உயரத்தில் இருக்கிறாள். நான் கூடவே எகிறியிருக்கிறேன். என் விரல்களுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல்கடை. பார்க்கப் பார்க்க இந்தத் தடவை தட்டிவிடுவேனோ என்று எனக்கே தோன்றுகிறது. மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு. போகட்டும்.

சலூன்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பத்தாங்க தெரியுது, அவ எவ்வளவு உயரம் குதிச்சிருக்கான்னு."

ஏப்ரல் 12, ஞாயிறு

படத்தைத் திறந்து வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார்கள். கொக்கோடு ஆடியவர்கள் ஒரு பக்கம். எங்கள் பழைய அணி வேன் பிடித்து வந்து இன்னொரு பக்கம். எல்லாருக்கும் முட்டியில் பட்டை, இடுப்பில் சதை. ஓடுவதைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம்.

முதல் தடவை பந்து என் கைக்கு வந்தபோது கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. எரிச்சலாக வந்தது. அந்தக் காலத்தில் நான் பந்தைத் தொட்டாலே இந்த ஊர் ஊளையிடும், காது அடைத்துப்போகும்.

அப்போது மேல் படியிலிருந்து ஒரே ஒரு குரல். "ஊ... ஊ..." திரும்பிப் பார்த்தால் இவர்! பெஞ்சு மேல் ஏறி நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு. அக்கம்பக்கத்தில் முறைத்தார்கள். இவர் நிறுத்தவில்லை. பிறகு சலூன்காரர் சேர்ந்தார். கொக்கின் அக்கா சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கோர்ட்டும் என்னைப் பார்த்து ஊளையிட்டது.

இரண்டு ஷாட் தட்டினேன். நாலு பாயிண்டில் தோற்றோம்.

ஊருக்கெல்லாம் தொண்டை மாத்திரை விற்கிற மனுஷனுக்கு இப்போது பேச்சே வரவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னாச்சு என்று கேட்பார்கள். சொல்லட்டும், பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினேன் என்று.