சந்தியாப்பிள்ளை அன் சன்

லொங்குய்ய்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருடத்தன்று போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கு நீங்கள் கத்திவிட்டுப் போனை வைத்தீர்கள். அன்றிலிருந்து என் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒரே ஊரில் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக இருந்துகொண்டு, முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டீர்கள். சந்தோஷம். முழங்கால் நோ எப்படி என்றும் கேட்கிறேன். கேட்காவிட்டால் அதற்கும் குறை சொல்லுவீர்கள்.

விஷயம் இதுதான். அப்பாவின் கட்டில் தலைமாட்டில் நின்ற அந்தச் சோடாப் போத்தலைப் போல ஒன்று இணையத்தில் ஏலம் போனதை மகள் ஜெயனி கண்டுபிடித்திருக்கிறாள். கழுத்துக்குள் கோலிக்குண்டு மாதிரிக் கண்ணாடிப் போளை ஒன்று கிடந்து வாயை அடைக்கிற பழைய சீமைப் போத்தல். நாலாயிரம் டொலருக்குப் போயிருக்கிறது. நம்முடையதில் அப்பப்பாவின் குருநகர்ச் சோடாக் கொம்பனியின் பெயரும் பொறித்திருக்கிறது, ஆகவே இன்னும் கூடப் போகலாம் என்று என் மகள் சொல்கிறாள். நீங்கள் அதைச் செபமாலை கொழுவுகிற ஆணியாக வைத்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். அந்தப் போத்தலில் 'சந்தியாப்பிள்ளை அன் சன்' என்றுதான் இருக்கிறது. மகன் என்று இருக்கிறது, மகள் என்று இல்லை. அப்பாவுக்கு நான் ஒரே மகன். கடைசி நாட்களில் அவருக்குப் புத்தி சரியாக இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் ஏன் உங்களுக்கு மட்டும் கொடுத்தார்? இதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டும்.

தம்பி
றூபன்

---

பார்க் எக்ஸ்டென்ஷன்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. பதினொரு வருடம் அப்பாவைத் தாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிய முழங்கால், உன் ஒரு வரி விசாரிப்பில் சுகமாகிவிடாது.

'அன் சன்' என்று இருக்கிறதாம். அந்த மகன் நீ இல்லையடா. அப்பா பிறந்த சந்தோஷத்தில் அப்பப்பா கொம்பனிப் பெயரோடு 'அன் சன்' என்று சேர்த்துச் சீமையில் செய்வித்த போத்தல் அது. நீ பிறந்ததற்கு யாரும் போத்தல் செய்யவில்லை.

அப்பாவின் புத்தியைப் பற்றி நீ எழுத வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். பனி உறைந்த வெளிப்படியில் நான் முன்னுக்கு, அவர் என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு பின்னுக்கு. சறுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம். நீ தந்தையர் தினத்துக்குக் கேக்கோடு வருவாய். "காரைக் கண்ட இடத்தில விட்டிட்டு வந்தனான், டிக்கட் எழுதிப்போடுவான்" என்று பத்து நிமிடத்தில் ஓடுவாய். அந்தக் கேக்கை அவர் சாப்பிடக்கூடாது என்பதுகூட உனக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்கு ஏன் கொடுத்தார் என்று கேட்கிறாய். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம், றூபன். நீ கேட்காதே.

விலை பார்க்க ஆசை என்றால் பார். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் துவாயில் சுற்றித் தருகிறேன். செபமாலையைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் தருவேன், அது அம்மாவுடையது. பார்க்கிறவனிடம் எழுத்தில் வாங்கு. நீ வாயால் சொல்வது எனக்கு வேண்டாம்.

அக்கா

---

லொங்குய்ய்
16 மார்ச் 2025

அக்காவுக்கு,

சுகம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

போத்தலோடு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரைக்கும் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், நாற்பது வருடமாகப் பழைய கண்ணாடிச் சாமான்களோடு இருக்கிறவர், கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார். யாழ்ப்பாணப் பெயர் பொறித்த போத்தலைத் தான் கண்டதே இல்லை, முழுதாக இருந்தால் நாலாயிரத்துக்குக் குறையாது என்றார். ஜெயனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் லைட்டை அணைத்துவிட்டு ஊதா விளக்கு ஒன்றைப் பிடித்தார். கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

"கொல்" என்றார். பிரெஞ்சில் அதற்குப் பசை என்று அர்த்தம். எனக்குத் தமிழில்தான் கேட்டது.

கழுத்து உடைந்து ஒட்டியிருக்கிறதாம். உள்ளே கிடக்கிற போளையும் அந்தப் போத்தலோடு வந்தது இல்லையாம், பிள்ளைகள் விளையாடுகிற மலிவான பூப்போளையாம். இப்போது அதன் பெறுமதி நாற்பது டொலர். அதுவும் நாங்கள் தூரத்திலிருந்து வந்த பாவத்துக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. அவர் எழுதித் தந்த துண்டை இதற்குள் வைத்திருக்கிறேன். எழுத்தில் கேட்டீர்கள் அல்லவா, வாசியுங்கள்.

இப்போது விளங்குகிறது அந்தச் செபமாலை எதற்கு என்று. உடைத்துவிட்டு, ஒட்டிவிட்டு, ஒட்டு தெரியாமல் மாதாவின் செபமாலையைச் சுற்றி மறைத்திருக்கிறீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே நடந்ததா, செத்த பிறகா? அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மார்போடு அணைத்துக் கொண்டுவந்த ஒரே பொருள் அது. உங்களை நம்பித்தானே உங்கள் வீட்டில் வைத்தார்?

மழுப்ப வேண்டாம். ஒரேயொரு கேள்வி. யார் உடைத்தது?

றூபன்

---

பார்க் எக்ஸ்டென்ஷன்
23 மார்ச் 2025

தம்பி,

நீ.

ஒரேயொரு கேள்வி கேட்டாய், ஒரு சொல்லில் தந்துவிட்டேன். இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் நீ "எப்ப? எங்க?" என்று அடுத்த கடிதம் எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

எண்பதாம் ஆண்டு. உனக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. கோயிலில் நீ முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்கு ஒரு கிழமை இருந்தது. அலுமாரியில் அப்பப்பாவின் போத்தல்கள் ஏழெட்டு இருந்தன, ஒன்றில் மட்டும் நீலப் போளை. உனக்கு அந்தப் போளை வேண்டும். போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் தட்டினாய். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உன் காலில் குத்திவிடும் என்று குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். அப்பா வந்தபோது துண்டுகள் என் கையில் இருந்தன. நீ குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாய், பொத்திய கையோடு.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நன்மை எடுக்கப் போகிற பிள்ளை, தானே சொல்லுவான் என்று உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெல்ட் அடி விழ விழவும் உன்னைத்தான் பார்த்தேன்.

அடி ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அப்பா ஆறவில்லை. கழுத்தை ஒட்டி, கடையில் வாங்கிய போளை ஒன்றை உள்ளே போட்டு, என் கை படக்கூடாது என்று காணி உறுதிப் பத்திரங்களோடு றங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதனால்தான் அது தப்பியது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது அலுமாரியில் இருந்த முழுப் போத்தல்கள் எல்லாம் போய்விட்டன. பெட்டியில் இருந்த உடைந்தது மட்டும் அவரோடு வந்தது. அந்தச் செபமாலையைக் கொழுவியவரும் அவர்தான்.

அந்தப் பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பை இங்கே வந்த பிறகும் மாதா பதக்கத்தோடு கழுத்தில் போட்டிருந்தார், உனக்கு நினைவிருக்கும். ஒருமுறை ஸ்கான் எடுக்கவேண்டும், கழற்றுங்கள் என்று நேர்ஸ் சொன்னாள். நான் கையை நீட்டினேன். தரவில்லை. "றூபன் வரட்டும்" என்று பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். நீ வருமட்டும் இரண்டு மணித்தியாலம். காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிட்ட கை இது. நீ வந்து திறப்பை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "ஏன் அப்பா இப்பிடிச் சின்னப்பிள்ளை மாதிரி?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பத்தி எரிகிறது.

சொல்லிப் பார்க்கவில்லையா என்று நினையாதே. இங்கே வந்த பிறகு ஒருநாள் சொன்னேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதைத் தம்பியிலயோ போடுறாய்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எனக்கு ஏன் கொடுத்தார் என்று கேட்டாயே. போன ஒக்டோபர், சாவதற்கு மூன்று நாள் முன்பு. புத்தி நல்ல தெளிவாக இருந்தது. போத்தலைக் காட்டிச் சொன்னார்: "இது உனக்குத்தான். உடைச்சது நீ. நீயே வைச்சிரு."

அதுதான் எனக்கு வந்த சீதனம். அதன் பெறுமதியைக் கேட்க நீ கார் ஓடிப் போயிருக்கிறாய்.

அக்கா

---

லொங்குய்ய்
13 ஏப்ரல் 2025, குருத்தோலை ஞாயிறு

அக்கா,

மூன்று கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வருடம் மனதில் வைத்திருந்து, இப்படி ஒரு கடிதத்தில் தூக்கி முகத்தில் எறியலாமா? எட்டு வயதுப் பிள்ளை செய்ததற்கு ஐம்பத்து மூன்று வயதுக்காரனை அடிக்கலாமா?

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். அது பொய். அந்த மஞ்சள் கோட்டைக் கண்டபோதே கிணற்றுக் கட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. உடைந்ததை அப்பா அன்றைக்கே எறிந்திருப்பார், இது வேறு போத்தல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பயத்தில்தான் உங்கள் மேல் அவ்வளவு பாய்ந்தேன்.

ஒன்றை நீங்கள் அறியவேண்டும். நான் சொன்னேன், அக்கா. முதல் நன்மைக்கு முதல் நாள், முதல் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியாரிடம் சொன்னேன். போத்தலை உடைத்தேன், அக்காவுக்கு அடி விழுந்தது என்று இரண்டையும் சொன்னேன். அவர் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். "போ தம்பி, எல்லாம் மன்னிச்சாச்சு, இனி இதை நினைக்காத" என்றார். முழங்காலில் இருந்து மூன்றும் சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையாக, எழும்பி வரும்போது உடம்பில் பாரமே இருக்கவில்லை. அடியும் முடிந்துவிட்டது, இனி அப்பாவிடம் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். திறப்புக் கதை எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

நீலப் போளையை அடுத்த கிழமையே பக்கத்து வீட்டு ரதீசனிடம் விளையாட்டில் தோற்றுவிட்டேன்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? போத்தலைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு பூசைக்குக் கொண்டுவருகிறேன். அது உங்களுடையது. அப்பா உங்களுக்குத் தந்தது. என் நம்பரைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி
றூபன்

---

பார்க் எக்ஸ்டென்ஷன்
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

றூபன்,

பெரிய வெள்ளியன்று கோபத்தோடு பேனையைத் தொடக்கூடாது. நாளைக்கு எழுதினாலும் இதே கோபம்தான் இருக்கும், ஆகவே இன்றே எழுதுகிறேன்.

மூன்று அருள் நிறைந்த மரியே. எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் உனக்கு? ஒரு நிமிடம்? எனக்கு நாற்பத்தைந்து வருடம் எடுத்தது, இன்னும் முடியவில்லை. உன் மேல் பாரமே இல்லாமல் எழும்பி வந்தாய். அந்தப் பாரம் எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தாயா? நான் கோயிலில் உனக்குப் பின் வாங்கிலில்தான் இருந்தேன், நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தழும்பு தெரியாமல்.

சுவாமியாரிடம் சொன்னாய். கடவுளிடம் சொன்னாய். ஒரே வீட்டில், பக்கத்து அறையில் இருந்த அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. கடவுள் என்னைக் கள்ளி என்று நினைக்கவில்லையடா, அவருக்கு எல்லாம் தெரியும். நினைத்தது அப்பா. நினைத்துக்கொண்டே செத்தும் போனார். இனி அதை யாராலும் மாற்ற முடியாது. நீ குடம் குடமாக அழுதாலும் மாற்ற முடியாது. அதுதான் என் கோபம், வேறு ஒன்றும் இல்லை. நாலாயிரமும் இல்லை, நாற்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போத்தலைக் கொண்டுவராதே. நான் வாங்க மாட்டேன்.

ஒக்டோபரில் அப்பாவின் ஆண்டுப் பூசை. பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்பு, மகன் என்று நீதான் எழும்பிப் பேசுவாய், அந்த உரிமையை உன்னிடமிருந்து யாரும் பறிக்கப்போவதில்லை. அன்றைக்கு அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை வை. செபமாலை இல்லாமல் வை. சனம் கிட்ட வந்து பார்க்கும். பெயரை வாசிக்கும். கழுத்தில் ஏன் ஒட்டியிருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். நீ பதில் சொல்லு. என்ன சொல்கிறாய் என்று கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன். அதுவரைக்கும் உன் நம்பரைத் திறக்க மாட்டேன்.

மற்றபடி, போத்தல் மகனுக்குத்தான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். சரி, எடுத்துக்கொள். அப்பா எனக்குத் தந்தபோது சொன்னதையே சொல்லித் தருகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

இது உனக்குத்தான். உடைச்சது நீ. நீயே வைச்சிரு.

றெபேக்கா