முழங்காலில் நிற்பவர்கள்

மிச்சம்,
லண்டன்,
16 நவம்பர் 2024

இல்ஃபோர்ட் மகாராணி அஞ்சலீனா அக்காவுக்கு,

கடிதமா என்று மயங்கி விழவேண்டாம். மாதா கோயில் வாட்ஸ்அப் குழுப் படத்தில் பங்குச் சுவாமியாருக்குக் கூலிங்கிளாஸ் போட்டுவிட்டேன். அப்பா போனைப் பறித்துவிட்டார்.

விஷயத்தைக் கேளுங்கோ! பள்ளிக்கூடத்தால் மியூசியம் போனோம். ஐந்நூறு வருசத்து இத்தாலிச் சித்திரம்: மாட்டுத்தொழுவம், மாதா, பாலன் யேசு. ஓரத்தில் ஒரு குடும்பமே முழங்காலில். காசு கொடுத்துப் படத்தைக் கீறுவித்த ஆட்களாம்! பூசைக்கு வருகிற சனம் மாதாவோடு சேர்த்து அவர்களையும் பார்க்கத்தானே வேண்டும். அந்தக்கால செல்ஃபி!

மூலையில் மட்டும் காகிதம் ஒட்டி, அதன்மேலே ஆட்டுக்குட்டி கீறியிருந்தது. அங்கே வேலை செய்கிற பெண் படத்துக்குப் பின்னால் லைட் பிடித்துக் காட்டினா. அடியில் ஒரு இளம்பெண்! ஏன் மறைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியும், அவளுக்கு அப்பாவோடு சண்டை.

நத்தாருக்குக் கோயிலில் வைக்கிற பாலன் குடிலுக்குப் பின்திரைச் சித்திரம் கீறுவது இம்முறை நான். குடில் குழுத் தலைவர் நம்முடைய அப்பா. கோயில் ஆட்களை எல்லாம் முழங்காலில் விடப்போறன். உங்களையும் ரதீசன் அத்தானையும்கூட!

குறும்புத் தம்பி,
டிலுக்சன்

இல்ஃபோர்ட்,
21 நவம்பர்

அன்புள்ள வால் முளைத்தவனுக்கு,

சிரித்துச் சிரித்து வாசித்தேன், கடைசி வரி வரைக்கும். வேண்டாமடா. முருகன் கோயில் பெடியனைக் கட்டினதுக்கு ரெண்டு வருசமாய் என் பேரையே எடுக்காத மனிசன் அப்பா. சனத்துக்கு முன்னால் என் முகத்தில் பெயின்ற் அடித்தாரென்றால் என்னால் தாங்க ஏலாது. கீறாதே ராசா.

அக்கா

மிச்சம்,
30 நவம்பர்

அக்கா, கீறிவிட்டேன்!

நேற்று அப்பா பார்க்க வந்தார். நம் கோயில் பியற்றிஸ் அன்ரியை ஒட்டகத்துக்குப் பக்கத்தில் விட்டதைக் கண்டு சிரித்தார். பிறகு உங்களுக்கு முன்னால் வந்து நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. என் கையிலிருந்த தூரிகையை வாங்கினார். வெள்ளைப் பெயின்ற் வாளி காலடியில்.

"அவளை ஏன்டா முழங்காலில விட்டனீ?"

"எல்லாரும் அப்பிடித்தானே அப்பா."

"மற்றவை நிக்கட்டும். வயித்தில அஞ்சு மாசப் பிள்ளையோட அவள் எப்பிடி நிக்கிறது? இருக்கக் கதிரை ஒண்டு கீறு."

தூரிகையைத் தந்துவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

அஞ்சு மாசமா?! நான் மாமாவா?! அம்மாவைக் கேட்டால் சிரிக்கிறா, வாய் திறக்கிறா இல்லை. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் காகிதம் ஒட்டினீங்களா?

கதிரைக்கு என்ன நிறம்? உடனே எழுதுங்கோ!

டிலுக்சன்

இல்ஃபோர்ட்,
4 டிசம்பர்

டிலுக்சன் மாமாவுக்கு,

நீலம்.

ஞாயிறு பூசைக்கு நானும் அத்தானும் வாறம். அப்பாவுக்கு நீ சொல்லாதே. நானே அவருக்குப் போன் எடுக்கிறன்.

அக்கா