அம்மா பேரில் நட்ட புன்னை

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா இறந்து இன்றோடு ஒரு வருஷம். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் விருந்து வைக்காமல், எங்கள் கடற்கரைத் தெருவுக்குப் புன்னைக் கன்றுகள் கொடுத்தேன். அம்மா பேரில் ஒன்றை, வலை காயப்போடும் இடத்தில் நானே நட்டேன். சாயங்காலம் போனால் குழிதான் இருக்கிறது.

ஆத்திரத்தில் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா வந்தாள்.

"ஏளா, ஏன் கத்துத? அங்கன வச்சா வலை இழுக்கையில ஒடிஞ்சிரும். நான்தான் பிடுங்கி, மீன் விக்கிற இடத்துல நட்டேன். உங்கம்மா வெயில்ல உக்காந்து வித்த இடம்லா அது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீ எங்ககிட்ட கேட்டியா?"

 எனக்கு எரிச்சல் போகவில்லை. நாளைக்கு அக்காவிடம் பேச மாட்டேன். கன்றுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன்.